நெட்வொர்க்கில் சேர மறுக்கும் ரிசீவர்: அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

கொடைக்கானலின் பழைய கல் வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு வைஃபை எதுவரை எட்டும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ரவுட்டர் இருக்கும் முன்னறைக்கும் ரிசீவர் இருக்கும் கூடத்துக்கும் நடுவே ஒன்றரை அடிக் கனத்தில் இரண்டு சுவர்கள் நிற்கின்றன. கதவு திறந்திருந்தால் பாட்டு வரும், குளிருக்குப் பயந்து கதவைச் சாத்தினால் நின்றுவிடும். அதனால் முப்பது மீட்டர் லேன் கேபிள் இழுத்து, ரிசீவரைக் கம்பி வழியாகவே வீட்டு நெட்வொர்க்கில் சேர்த்தேன். சேர்த்த பிறகும் சிக்கல்கள் வந்தன. எனக்கு வந்தவற்றையும், பெருமாள்மலை முதல் பூம்பாறை வரை தெரிந்தவர்களின் வீடுகளில் பார்த்தவற்றையும் அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன். ஆம்ப்ளிஃபையரும் ரேடியோவும் எச்.டி.எம்.ஐ. இணைப்புகளும் ஒரே பெட்டியில் அமைந்து, பின்புறத்தில் லேன் போர்ட் ஒன்றும் உள்ள கருவியையே ரிசீவர் என்று குறிப்பிடுகிறேன். நிறுவனத்துக்கு நிறுவனம் மெனுவின் பெயர்கள் மாறும். உள்ளே நடக்கும் வேலை மாறாது.

எதையும் கழற்றுவதற்கு முன், ரிசீவரின் செட்டப் மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, தகவல் பக்கத்தில் இருக்கும் ஐ.பி. முகவரியை (நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்குரிய எண்) ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணே பாதி விடை. முகவரி இல்லாமலோ 0.0.0.0 என்றோ இருந்தால் கோளாறு பெரும்பாலும் கம்பியில் இருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் கம்பி சரி, ஆனால் முகவரி வழங்க வேண்டிய ரவுட்டர் பதில் சொல்லவில்லை. 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் ரிசீவர் நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டது. இனி தேட வேண்டிய இடம் அதற்கு வெளியே. இந்த எண்ணைப் பார்க்காமலேயே கேபிளை மாற்றுவது, ரிசீவரை ரீசெட் செய்வது, நெட் நிறுவனத்துக்குப் புகார் சொல்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகத் தொலைத்தவன் என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

முகவரியே இல்லை, "கேபிள் இணைக்கப்படவில்லை" என்று திரை சொல்கிறது

பல ரிசீவர்களின் லேன் போர்ட்டில் விளக்கே கிடையாது. ஆகவே மறுமுனைக்குப் போய், ரவுட்டரில் அந்தக் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டின் விளக்கைப் பாருங்கள். ரிசீவர் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அந்த விளக்கு எரியாவிட்டால், இரு முனைகளையும் கழற்றி, "டிக்" என்ற ஓசை கேட்கும்வரை மீண்டும் செருகுங்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் கேபிள் செருகியதுபோலத் தோற்றம் தரும், ஆனால் உள்ளே அரை மில்லிமீட்டர் பின்வாங்கி நிற்கும். அதன் பிறகு ரவுட்டரில் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் பயனில்லை என்றால், கனமான ரிசீவரைத் தூக்கிக்கொண்டு ரவுட்டரிடம் போவதைவிட, லேன் போர்ட் உள்ள மடிக்கணினி ஒன்றைக் கூடத்துக்குக் கொண்டுவந்து அதே கேபிளைச் செருகிப் பார்ப்பது எளிது. மடிக்கணினிக்கும் நெட் வராவிட்டால் குற்றவாளி கேபிள்தான் என்று கொள்ளலாம்.

மலையில் கேபிள் கெடுவதற்குச் சமவெளியில் இல்லாத காரணங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும். மாதக்கணக்கில் செருகாமல் தொங்கவிட்ட கனெக்டரின் தகடுகள் மங்கிப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அழிப்பான்கொண்டு தேய்த்து ஒப்பேற்றுவதைவிட முனையை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுவதே நல்லது. வீட்டுக்கு வெளியே ஓடும் கேபிள், வெளிப்பயன்பாட்டுக்கென்று விற்கப்படும் கறுப்பு உறையுள்ள வகையாக இருக்க வேண்டும். உட்புறக் கேபிளின் உறை வெயிலில் வெடித்து, அந்த வெடிப்பின் வழியே இறங்கும் மழைநீர் உறைக்குள்ளேயே ஓடி நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு லேன் இணைப்பைப் பல போர்ட்களாகப் பிரிக்கும் பெட்டி) வரைக்கும் வந்து சேரும். குரங்குகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

விலை குறைவு என்று வாங்கும் கேபிள்களில் செம்பு பூசிய அலுமினியக் கம்பி இருப்பது வழக்கம். ஒரு முனையில் கம்பியின் மேற்பரப்பைப் பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். மின்தடை கூடுதலாக இருப்பதோடு, இரண்டு முறை வளைத்தால் ஒடிந்தும் போகும். கேட் 5ஈ தரத்தில் முழுச் செம்புக் கம்பி வாங்கினால் போதும். கேட் 6 கேடு செய்யாது, ஆனால் ரிசீவருக்கு அதனால் கூடுதல் பயன் எதுவும் இல்லை. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்குமேல் போகாத லேன் போர்ட்தான் பெரும்பாலான ரிசீவர்களில் இருக்கிறது. குறுந்தட்டின் தரத்தில் உள்ள ஸ்டீரியோ இசைக்கு, சுருக்காமல் அனுப்பினாலும், 1.4 மெகாபிட்டும், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் தரத்துக்கு ஏறத்தாழ 9.2 மெகாபிட்டும் போதும். ஒலியைத் தெளிவாக்கும் லேன் கேபிள் என்று பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கப்படுவதைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஒவ்வொரு தரவுக்கட்டும் பிழை சோதிக்கப்பட்டு, கெட்டது தள்ளப்பட்டு, தேவைப்பட்டால் மறுபடி அனுப்பப்படும் முறையில் கம்பியின் விலைக்குப் பாட்டின் இனிமையில் பங்கில்லை.

கனெக்டர் போடும் வரிசையில் நேரும் தவறு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கேபிளுக்குக் கனெக்டர் போட்ட இளைஞர் சோதனைக் கருவியைச் செருகிக் காட்டி, "எட்டு விளக்கும் வரிசையா எரியுது சார், கேபிள்ல ஒண்ணும் இல்ல, உங்க ரிசீவர்லதான் ஏதோ கோளாறு" என்றார். எட்டு விளக்கும் எரிந்தது உண்மைதான். ரிசீவரோ ஒரு நிமிடம் சேரும், இரண்டு நிமிடம் பிரியும். பிறகு கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம் என்று ஜோடி ஜோடியாக, கண்ணுக்கு அழகான வரிசையில் போட்டிருந்தார். சரியான வரிசை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. 100 மெகாபிட் இணைப்பு 1, 2 ஆகிய ஊசிகளை ஒரு ஜோடியாகவும் 3, 6 ஆகியவற்றை மற்றொரு ஜோடியாகவும் பயன்படுத்துகிறது. ஒரு ஜோடியின் இரு கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடுவதால்தான் வெளியிலிருந்து நுழையும் இரைச்சல் நீங்குகிறது. அவர் போட்டிருந்த வரிசையில் மூன்றாம் ஊசிக்குப் பச்சை ஜோடியிலிருந்து ஒரு கம்பியும் ஆறாம் ஊசிக்கு நீல ஜோடியிலிருந்து ஒரு கம்பியும் போயிருந்தன. மின்தொடர்ச்சியை மட்டும் பார்க்கும் மலிவான கருவிக்கு இந்தப் பிழை தெரியாது. இரண்டு மீட்டர் கேபிளாக இருந்திருந்தால் ரிசீவருக்குமே தெரிந்திருக்காது. முப்பது மீட்டரில் தெரிந்தது. இரு முனைகளையும் வெட்டி, சரியான வரிசையில் போட்டதும் குறை தீர்ந்தது.

முகவரி 169.254 என்று தொடங்குகிறது

ரிசீவர் ரவுட்டரிடம் முகவரி கேட்டு, பதில் வராததால் தானே ஒரு தற்காலிக எண்ணைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். மலையில் நான் மிகுதியாகப் பார்த்த அறிகுறி இதுதான். காற்றடிக்கும் ஆடி மாதத்தில் மின்சாரம் ஒரு நாளில் நான்கைந்து முறை போய் வருவது புதிதல்ல. மின்சாரம் திரும்பும்போது எல்லாப் பெட்டிகளும் ஒரே நொடியில் உயிர்பெறுகின்றன. ஆனால் ரிசீவரின் நெட்வொர்க் பகுதி முந்திக்கொண்டு எழுந்துவிடுகிறது, ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் விழித்து முகவரி வழங்கத் தயாராக இரண்டு மூன்று நிமிடங்கள் எடுத்துக்கொள்கின்றன. சில ரிசீவர்கள் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்கும். சில, ஒருமுறை கேட்டுவிட்டு அந்தத் தற்காலிக எண்ணோடு உட்கார்ந்துவிடும்.

இதை உறுதிசெய்ய, ரவுட்டர் முழுமையாக எழுந்த பிறகு லேன் கேபிளைக் கழற்றிப் பத்து நொடி பொறுத்துச் செருகுங்கள், அல்லது ரிசீவரின் மின் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். ரிமோட்டில் அணைத்துப் போடுவது போதாது. அப்போது ரிசீவர் உறங்கத்தான் செய்கிறது, நெட்வொர்க் பகுதி பழைய நிலையிலேயே இருக்கும். இப்போது சரியான முகவரி கிடைத்துவிட்டால் காரணம் நான் சொன்னதுதான். நிலையான தீர்வு, ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மின்வெட்டே தெரியாமல் செய்வது. ரவுட்டர்களுக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ். போதும், வாங்குவதற்கு முன் இரு பெட்டிகளின் அடாப்டர்களிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 9 வோல்ட் பெட்டிகளும் புழக்கத்தில் இருக்கின்றன.

யு.பி.எஸ். வைத்தும் தீராவிட்டால் ரிசீவரில் நிலையான முகவரியைக் கையாலேயே எழுதிவிடலாம். ரவுட்டர் 192.168.1.1 என்றால், அதன் பக்கத்தில் டி.எச்.சி.பி. வரம்பை (ரவுட்டர் தானாக வழங்கும் முகவரிகளின் எல்லை) 2 முதல் 199 வரை என்று குறைத்துவிட்டு, ரிசீவருக்கு 192.168.1.210, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வேயும் (இணையத்துக்கு வெளியேறும் வாசல்) டி.என்.எஸ்.சும் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) 192.168.1.1 என்று கொடுங்கள். வரம்பைக் குறைக்காமல் எண்ணை மட்டும் எழுதினால், ஒருநாள் விருந்தாளியின் கைப்பேசிக்கு ரவுட்டர் அதே எண்ணைக் கொடுத்துவிடும்; பிறகு இரண்டும் மாறி மாறித் திணறும். இந்த முறையில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பின்னாளில் நெட் நிறுவனத்தை மாற்றினால், புதுப் பெட்டி 192.168.29 என்பது போன்ற வேறு வரிசையில் முகவரி வழங்கக்கூடும், அப்போது நீங்கள் எழுதிய எண் செல்லாக்காசாகிவிடும். ஆகவே முகவரியைத் தானாகப் பெறும்படி ரிசீவரை விட்டுவிட்டு, ரவுட்டரில் அதன் மேக் முகவரிக்கு (கருவியிலேயே பதிந்துள்ள அடையாள எண்) ஒரே எண்ணை ஒதுக்கிவைப்பதையே நான் விரும்புகிறேன். லேனுக்கும் வைஃபைக்கும் வெவ்வேறு மேக் முகவரிகள் உண்டு. லேனுக்கு உரியதை எழுத வேண்டும். ஆனால் மின்சாரம் திரும்பும்போது ரவுட்டர் தாமதமாக எழுவதற்கு இந்த ஒதுக்கீடு மருந்தாகாது, அதற்கு யு.பி.எஸ். தான்.

முகவரி சரியாக இருக்கிறது. கைப்பேசியின் ஆப் மட்டும் ரிசீவரைக் காணவில்லை என்கிறது

இப்போது கைப்பேசியின் வைஃபை விவரத்தைத் திறந்து அதன் முகவரியையும் தாளில் எழுதுங்கள். ரிசீவர் 192.168.1.34, கைப்பேசி 192.168.0.12 என்று முதல் மூன்று எண்கள் வேறுபட்டால், இரண்டும் ஒரே வீட்டில் இருந்தாலும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. நெட் நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். அதற்குப் பின்னால், வைஃபை போதவில்லை என்று நாம் கடையில் வாங்கி மாட்டியது இன்னொரு ரவுட்டர். ரிசீவர் முதலாவதிலும் கைப்பேசி இரண்டாவதிலும் இருந்தால், ஆப் அனுப்பும் தேடல் இரண்டாவது ரவுட்டரைத் தாண்டாது. யு.பி.என்.பி. முறையில் 239.255.255.250 என்ற குழு முகவரிக்கும், ஆப்பிளின் ஏர்ப்ளே போன்றவை பயன்படுத்தும் முறையில் 224.0.0.251 என்ற குழு முகவரிக்கும் அனுப்பப்படும் இந்தத் தேடல், தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் போன்றது. அடுத்த தெருவில் இருப்பவருக்குக் கேட்காது.

தீர்வு, இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் (முகவரி வழங்காமல் வைஃபை மட்டும் தரும்) நிலைக்கு மாற்றுவது. அதன் மெனுவில் அந்தப் பெயரிலேயே ஒரு தேர்வு இருந்தால் அதைத் தெரிவுசெய்தால் போதும். இல்லாவிட்டால், அதில் டி.எச்.சி.பி. வழங்குவதை நிறுத்தி, அதற்கு 192.168.1.211 போன்று முதல் பெட்டியின் வரிசையில், வேறு எதற்கும் வழங்கப்படாத ஒரு முகவரியைக் கொடுத்து, கேபிளை வேன் (இணையம் உள்ளே வரும்) போர்ட்டிலிருந்து கழற்றி அதன் லேன் போர்ட்களில் ஒன்றில் செருகுங்கள். டி.எச்.சி.பி.யை நிறுத்தாமல் லேன் போர்ட்டில் செருகிவிட்டால் வீட்டில் இரண்டு பேர் முகவரி வழங்கத் தொடங்குவார்கள், அது முன்னதைவிடப் பெரிய தலைவலி.

முதல் மூன்று எண்களும் ஒன்றாகவே இருந்தால் வேறு சில இடங்களைப் பார்க்க வேண்டும். வீட்டின் ஒரு பகுதியை ஹோம்ஸ்டேயாக விட்டிருப்பவர்கள் தங்க வருபவர்களுக்காக கெஸ்ட் வைஃபை வைத்திருப்பார்கள். அவர்களுடைய சொந்தக் கைப்பேசியும் ஏதோ ஒரு நாளில் அதில் சேர்ந்து, பிறகு அதையே தேடிப் பிடித்துக்கொண்டிருக்கும். கெஸ்ட் வைஃபையின் நோக்கமே வீட்டுக் கருவிகளை விருந்தினர் கண்ணில் படாமல் மறைப்பதுதான் என்பதால், அங்கே ஆப் ரிசீவரைக் காணாதது பிழையன்று. ரவுட்டரின் வைஃபைப் பகுதியில் கருவிகளைத் தனிமைப்படுத்தும் ஐசொலேஷன் தேர்வு இயங்கிக்கொண்டிருந்தாலும் இதே விளைவுதான். ஐஃபோனில் 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல், உள்ளூர் நெட்வொர்க்கைத் தேட ஒவ்வோர் ஆப்பும் அனுமதி கேட்கிறது. அன்று அவசரத்தில் "வேண்டாம்" என்று தொட்டிருந்தால், செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் சென்று அதைத் திருப்பி அனுமதிக்க வேண்டும். கைப்பேசியில் வி.பி.என். ஓடினால் அதை நிறுத்திப் பாருங்கள்.

ரிசீவரைப் போட்டவுடன் சில நிமிடங்கள் ஆப்பில் தெரிந்து, பிறகு தானாக மறைந்துவிடுகிறது என்றால், நடுவில் இருக்கும் ஸ்விட்சில் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் என்ற வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். யார் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று ஸ்விட்ச் ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. அவ்வப்போது கேட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கும் கருவி எதுவும் நெட்வொர்க்கில் இல்லாதபோது, ரிசீவரின் பெயர் காலாவதியாகி நீங்கிவிடுகிறது. வீட்டுக்கு அந்த வசதி தேவையில்லை, நிறுத்திவிடலாம். செட்டிங்ஸ் எதுவுமே இல்லாத ஐந்து போர்ட் சாதாரண ஸ்விட்ச் இந்த வேலைக்குப் போதுமானது.

வீட்டில் உள்ள பாட்டுகள் ஒலிக்கின்றன. இணைய வானொலி மட்டும் வரவில்லை

கைப்பேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ பாட்டு வருகிறது என்றால் கேபிளையும் ஆம்ப்ளிஃபையரையும் சந்தேகிக்க வேண்டாம். முதலில் கைப்பேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் ஏதேனும் ஒரு பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் மலைப்பாதையில் எங்கோ ஒரு மரம் ஃபைபர் கேபிள்மேல் சாய்ந்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்த வாரத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அதுவரை ரிசீவரிலேயே இருக்கும் எஃப்.எம். பகுதியில் 100.5 மெகாஹெர்ட்ஸ் வைத்துக் கொடைக்கானல் பண்பலையைக் கேட்கலாம். வீட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒலிபரப்பாகும் நிலையத்தை இணையத்தில் தேடி, பல நொடி தாமதமாகக் கேட்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

இணையம் நன்றாக இருந்தும் வானொலிப் பட்டியல் திறக்கவில்லை என்றால், ரிசீவரின் கேட்வே, டி.என்.எஸ். எண்கள் காலியாக உள்ளனவா என்று பாருங்கள். நிலையான முகவரி எழுதியவர்கள் இவ்விரண்டையும் விட்டுவிடுவது வழக்கம். டி.என்.எஸ்.சுக்கு 8.8.8.8 என்று எழுதிப் பார்க்கலாம். அதிலும் தீராவிட்டால், ரிசீவர் பழையதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நிலையங்களின் பட்டியலை ரிசீவர் தயாரிப்பாளர் வைத்திருப்பதில்லை, அதற்கென உள்ள வேறு நிறுவனத்திடமிருந்து பெறுகிறார். அந்த ஒப்பந்தம் முடிந்துபோனால் உங்கள் வீட்டில் எதை மாற்றினாலும் பட்டியல் வராது. பாதுகாப்பு இணைப்புக்கான டி.எல்.எஸ். முறையின் 1.0, 1.1 பதிப்புகள் 2021இல் முறைப்படி கைவிடப்பட்டன. அவற்றை மட்டுமே அறிந்த பழைய ரிசீவர்களைப் புதிய சேவையகங்கள் உள்ளே விடுவதில்லை. ஃபர்ம்வேர் (ரிசீவருக்குள் இயங்கும் மென்பொருள்) புதுப்பிப்பு வந்திருந்தால் வழி பிறக்கலாம். வரவில்லை என்றால், கைப்பேசியில் வானொலியைத் திறந்து ரிசீவருக்கு அனுப்புவதே மிச்சமிருக்கும் வழி.

பாட்டு நடுவில் அறுபடுகிறது

அறுபடும் அதே பாட்டைப் பென்டிரைவில் ஏற்றி, ரிசீவரின் முன்புறத்தில் செருகிக் கேளுங்கள். அதிலும் அறுபட்டால் கோப்பிலோ ரிசீவரிலோ பிழை. பென்டிரைவில் சீராக ஒலித்தால் பாட்டு எந்த வழியாக ரிசீவருக்கு வருகிறது என்பதை வரைந்து பார்க்க வேண்டும். ரிசீவருக்குக் கம்பி இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஆனால் ஏர்ப்ளேயில் கைப்பேசியிலிருந்து அனுப்பும்போது, கைப்பேசியிலிருந்து ரவுட்டர் வரையிலான முதல் பாதி வைஃபைதான், கல் சுவரும் அந்தப் பாதியில்தான் நிற்கிறது. ஸ்பாட்டிஃபை கனெக்ட் முறையில் அப்படியில்லை. கைப்பேசி கட்டளை மட்டும் இடுகிறது, பாட்டை ரிசீவரே இணையத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. ஒன்றில் அறுபட்டு மற்றொன்றில் அறுபடாவிட்டால் காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

மெஷ் வைஃபை வைத்திருப்பவர்கள், கூடத்தில் உள்ள துணைப் பெட்டியின் லேன் போர்ட்டில் ரிசீவரைச் செருகிவிட்டுக் கம்பி இணைப்பு என்று சொல்வதுண்டு. அந்தத் துணைப் பெட்டி தாய்ப் பெட்டியோடு காற்றில்தான் பேசுகிறது என்றால் அது இரண்டடிக் கம்பி, மீதி வைஃபை. முழுவதும் கம்பியாக இருந்தும் அறுபட்டால், முன்பு சொன்ன கனெக்டர் வரிசையை மறுபடி பாருங்கள். ஸ்விட்சில் மின்சேமிப்பு ஈத்தர்நெட் என்ற தேர்வு இருந்தால் நிறுத்திப் பாருங்கள், சில கருவிகளுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. ஸ்விட்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவே தவறுதலாக இரண்டு கேபிள்கள் செருகப்பட்டிருந்தால் பாட்டு மட்டுமன்றி வீட்டு நெட் முழுவதுமே உறைந்துபோகும், எல்லா விளக்குகளும் ஒருசேரப் படபடக்கும்.

பாட்டோடு சேர்ந்து ரிசீவரே அணைந்துவிடுகிறது என்றால் அது நெட்வொர்க் சிக்கல் அன்று. உயரத்தால் இப்படி ஆகுமா என்று ஒருவர் கேட்டார். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே சூட்டை அது அந்த அளவுக்கு மெதுவாகத்தான் எடுத்துச்செல்லும். குளிர் அதைப் பெருமளவு ஈடுசெய்துவிடும். ஆனால் ரிசீவரை மூடிய அலமாரிக்குள் வைத்து, மேலே துணியும் போர்த்தியிருந்தால் குளிரால் என்ன செய்ய முடியும்?

அணைத்த பிறகு ஆப்பிலிருந்து மறைந்துவிடுகிறது

நெட்வொர்க் ஸ்டாண்ட்பை என்ற தேர்வை இயக்கினால் தீர்ந்தது. சில ரிசீவர்களில் ஈக்கோ நிலை அதை மீண்டும் நிறுத்திவிடும், அதையும் பாருங்கள். மின்செலவு சற்றுக் கூடும்.

லேன் கேபிளைச் செருகினால் ஸ்பீக்கரில் முணுமுணுப்பு கேட்கிறது

சாதாரண லேன் கேபிளில் இது நேரக் கூடாது, ஏனெனில் போர்ட்டுக்குள் இருக்கும் சிறு மின்மாற்றி இரு கருவிகளையும் மின்வழியில் பிரித்தே வைக்கிறது. உலோகக் கவசமும் உலோகக் கனெக்டரும் உள்ள கேபிளாக இருந்தால், அந்தக் கவசம் இரு பெட்டிகளின் உடலையும் இணைத்து, எர்த்திங்கில் ஒரு வளையத்தை உண்டாக்கிவிடுகிறது. கவசமில்லாத கேபிளுக்கு மாறுங்கள். மாறியும் முணுமுணுப்பு இருந்தால் டிஷ் அல்லது கேபிள் டி.வி. கம்பியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். பாறைமேல் கட்டிய வீடுகளில் எர்த் குழி பெயரளவுக்கு இரண்டடி ஆழத்தில் நிற்பதையும் கண்டிருக்கிறேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை அளக்கச் சொல்வது ஒலிக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காகத் தேவை.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பு பாதியில் நின்றுவிட்டது

திரையில் சதவீதம் நகராமல் இருந்தாலும் ஒரு மணி நேரமாவது தொடாமல் விடுங்கள். புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரம் போனால் ரிசீவர் எழாமலே போகலாம் என்பதால், காற்று, மழை, இடி இல்லாத ஒரு காலை நேரத்தில், ரிசீவரையும் இன்வெர்ட்டர் வழியில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். இணையம் தள்ளாடும் வீடுகளில், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து கோப்பை இறக்கிப் பென்டிரைவ் வழியாகப் புதுப்பிக்க முடிந்தால் அதுவே பாதுகாப்பு. எல்லாவற்றையும் அழிக்கும் ரீசெட்டை முதலில் கையில் எடுக்காதீர்கள். பல ரிசீவர்களில் நெட்வொர்க்கை மட்டும் அழிக்கும் ரீசெட் தனியாக உண்டு. முழு ரீசெட் செய்தே ஆக வேண்டுமென்றால், ஸ்பீக்கர்களின் தூரம், ஒலியளவு ஆகிய எண்களை முதலில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடி விழுந்த மறுநாள்: எல்லாம் வேலை செய்கிறது, லேன் போர்ட் மட்டும் செத்துவிட்டது

சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகலில் திரளும் இடிமழைக்குப் பிறகு இந்த அறிகுறியோடு சிலர் கூப்பிடுவார்கள். டி.வி. படம் வரும், எஃப்.எம். பாடும், பென்டிரைவ் ஓடும்; லேனில் மட்டும், எந்தக் கேபிளைச் செருகினாலும், இணைக்கப்படவில்லை என்றே திரை சொல்லும். லேன் போர்ட்டின் மின்மாற்றி 1,500 வோல்ட் வரை தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. அருகில் மின்னல் இறங்கும்போது நீளமான செம்புக் கம்பியில் எழும் அழுத்தம் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். பெரிய வீட்டிலிருந்து தோட்டத்துக்கு அப்பால் உள்ள சிறு வீட்டுக்கு வெளிவழியாகச் செம்புக் கேபிள் இழுத்திருப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். அந்தத் தூரத்துக்கு ஃபைபரும் இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரையும் செம்பு லேன் கேபிளையும் இணைக்கும் பெட்டி) வைப்பதே சரி. நெட் நிறுவனத்தின் ஃபைபர் கேபிளிலும் தாங்குவதற்காக ஓர் எஃகுக் கம்பி சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், அதை வீட்டுக்குள் பெட்டிவரை கொண்டுவராமல் வெளிச்சுவரிலேயே பிரித்து நிறுத்தச் சொல்லுங்கள். வானம் கறுக்கும்போது மின் பிளக், லேன் கேபிள், ஆன்டெனா மூன்றையும் கழற்றிவிட வேண்டும். பிளக்கை மட்டும் கழற்றுவது போதாது.

செத்த போர்ட்டுக்காகப் பலகையை மாற்ற மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ ரிசீவரைக் கொண்டுபோவதற்கு முன், மெனுவில் இணைப்பு முறையை லேனிலிருந்து வைஃபைக்கு மாற்றிப் பாருங்கள். வைஃபை பெரும்பாலும் பிழைத்திருக்கும். எங்கள் வீட்டில் இப்போது அந்த ஏற்பாடுதான்: முப்பது மீட்டர் கேபிள் கூடம்வரை வந்து, பழைய ரவுட்டர் ஒன்றில் ஆக்சஸ் பாயின்ட்டாக முடிகிறது, அதிலிருந்து இரண்டடி தூரத்தில் இருக்கும் ரிசீவர், சுவர் எதுவும் குறுக்கே இல்லாமல், அதனோடு வைஃபையில் பேசுகிறது. வைஃபையும் இல்லாத ரிசீவர் என்றால், ஆப்டிகல் அல்லது ஆக்ஸ் வழியாக ஒலி தரும் சிறிய ஸ்ட்ரீமர் ஒன்றை அந்தக் கேபிளின் முனையில் வைத்து, ரிசீவரின் அதற்குரிய உள்ளீட்டில் இணைத்துவிடலாம்.